ஜெனரேட்டர் மேடையில் டிஜிட்டல் ஆம்பை நம்பலாமா?

வால்வுக்காரன்: கிதார் ஒலியைப் பெருக்கித் தரும் டிஜிட்டல் ஆம்புகளின் ஒலித்தரத்தைப் பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை, என் கவலையெல்லாம் மின்சாரத்தைப் பற்றியதுதான். ஜெனரேட்டரில் நடக்கும் திறந்தவெளிக் கச்சேரியில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால், வால்வு ஆம்பில் உள்ள கண்ணாடிக் குழாய்களான வால்வுகளின் சூடு ஆறுவதற்குள் ஒலி திரும்பிவிடும். ஆம்புகளின் ஒலியை மென்பொருளால் உருவாக்கும் மாடலர் என்ற டிஜிட்டல் கருவியோ கணினியைப் போல முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். அது தயாராவதற்குள் பாடகர் பல்லவியையே முடித்துவிடுவார்.

எழில்: நண்பரே, தரையில் வைக்கும் மாடலர் குறைந்த மின்சாரத்தையே எடுத்துக்கொள்வதால், வீட்டுக் கணினிக்கு வாங்கும் சிறிய யூபிஎஸ் அதற்குப் போதும். மாறாக, ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப் ஒன்றில் 10 வால்வுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 29 கிலோ எடையுள்ள அதை வேனில் ஏற்றி, மோசமான சாலையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோய் இறக்கும்போது எந்த வால்வு கெட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த டிஜிட்டல் டோன் மாஸ்டர் ட்வின் ஏறத்தாழ 15 கிலோதான். மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் வாசித்தபோது, பார்வையாளர்கள் ஹெட்ஃபோனில் கேட்க, கிதார் ஒலிக்கு நம்பியது ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்ற மாடலரைத்தான்.

வால்வுக்காரன்: அவர்களுடன் தொழில்நுட்பர்களும் மாற்றுக் கருவிகளும் போகும், நம் குழுக்களில் கிதார் வாசிப்பவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெடப்போகும் வால்வு பெரும்பாலும் முன்கூட்டியே கரகரக்கும். பென்சிலால் மெல்லத் தட்டினால் கணகணவென்று ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒலியை முதல் கட்டத்தில் பெருக்கும் சிறிய ப்ரீஆம்ப் வால்வாக இருந்தால், ஆம்பை அணைத்து, சூடு ஆறவிட்டு, பையிலிருக்கும் புதியதைச் செருகிவிடலாம். மாடலரின் சர்க்யூட் போர்டு போனால் உள்ளூர்க் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

மிக்ஸர் மேசை: ஒலிப்பதிவு செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மாடலரிலிருந்து நேரடியாக வயர் வருவதால், மைக்கில் டிரம்ஸ் ஒலி கலக்கும் தொல்லை எனக்கு இல்லை. ஆனால் மேடையில் வாசிப்பவரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் கெட்டுப்போனால் வாசிப்பவருக்குத் தன் கிதாரே கேட்காது. பின்னால் ஓர் ஆம்ப் இருந்தால் அந்த நிலை வராது. ஆகவே மாடலர் கொண்டுவருபவர்கள் தமக்கென ஒரு ஸ்பீக்கரையும் கொண்டுவருவது நல்லது.

எழில்: ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னது நியாயம், ஏற்கிறேன். போர்டு போனால் மேடையில் சரிசெய்ய முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் இன்றியமையாத இரண்டு மூன்று ஒலிகளை மட்டும் அமைத்த ஒரு சிறிய மாடலரைக் கிதார்ப் பையிலேயே வைத்துக்கொள்ள முடியும். இரண்டாவது ட்வினைத் தூக்கிக்கொண்டு வருபவர் யார்? கச்சேரிக்கு முந்தைய நாளில் மென்பொருளைப் புதுப்பிக்கும் பழக்கத்தையும் நம்மவர்கள் கைவிட வேண்டும். பல சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

வால்வுக்காரன்: இரண்டாவது கருவியும் யூபிஎஸ்ஸும் கையோடு இருந்தால் என் மறுப்பு பெருமளவு குறைந்துவிடும். அவை இரண்டும் இல்லாமல், ஒரே ஒரு மாடலரை நம்பி ஜெனரேட்டர் மேடையில் ஏறுபவருக்கு மட்டும் நான் இன்னமும் வால்வு ஆம்பைத்தான் பரிந்துரைப்பேன்.