புதுப்பிப்பு: மோதிரக் கதையை மறுபடி படித்து முடித்தேன்

பள்ளி நாட்களில் எனக்கு உயிராக இருந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை இந்த வயதில் மறுபடி எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பழைய மயக்கம் கலைந்துவிடும் என்று பலர் தடுத்தீர்கள். சரி, துணிந்து ஆரம்பித்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குளிர்காலம் முடிவதற்குள் முடித்துவிட்டேன். மயக்கம் கலையவில்லை, வேறு பக்கங்களுக்குப் போய்விட்டது.

அப்போது போர்க்களத்துக்காகவே படித்தேன். இப்போது அதைச் சட்டென்று தாண்டினேன். அந்த மந்திர மோதிரம் கதாநாயகன் ஃப்ரோடோவிடம் வரும்போது அவனுக்கு வயது 33. ஊரைவிட்டுக் கிளம்பும்போது 50! சினிமாவில் சின்னப் பையனாகப் பார்த்ததால் இது மனதில் பதியவே இல்லை. வீடு திரும்பிய பிறகும், கத்திக்குத்து பட்ட அந்த அக்டோபர் 6 வந்தால் அவனுக்கு உடம்பு முடியாமல் போகிறது. நண்பன் சாம் பக்கத்திலேயே இருந்தும் ஆறவில்லை. அந்த அத்தியாயத்தில் தொண்டை அடைத்தது.

அப்புறம், இதை எழுதிய டோல்கீன் 1892இல் பிறந்தது நம் நாட்டு ப்ளூம்ஃபொன்டெயின் நகரில்தான். 1895இல் அம்மா பிள்ளைகளோடு இங்கிலாந்து போனார். அடுத்த ஆண்டே அப்பா இங்கே காலமானார்.

எந்தப் பதிப்பு என்று கேட்ட அண்ணனுக்கு: மூன்று பாகமாக வந்ததையே வாங்குங்கள், படுத்துக்கொண்டு படிக்க அதுதான் வசதி.