சாட்டிலைட் படம் பார்த்து முறைப்பாசனம் வைக்கலாமா?

வரைபடப்பித்தன்:
டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்பதை செயற்கைக்கோள் படத்தை வைத்தே முடிவு செய்யலாம் என்பது என் கட்சி. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், 5 நாளுக்கு ஒருமுறை வருகிறது. படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். எங்கே நட்டாயிற்று, எங்கே காய்கிறது, எல்லாம் தெரியும்.

கடைமடைக்காரன்:
ஐப்பசி, கார்த்திகையில் வானம் எத்தனை நாள் வெளுத்திருக்கும் தம்பி? சம்பாவுக்கு நீங்கள் பார்க்கப்போவது மேகத்தைத்தான்.

வரைபடப்பித்தன்:
அதற்குத்தான் ரேடார் அலையில் படம் எடுக்கும் சென்டினல்-1 இருக்கிறது அண்ணே. ரேடாருக்கு மேகமும் தடையில்லை, இரவும் தடையில்லை. தண்ணீர் கட்டி நட்ட வயல் கறுப்பாக விழும். தூர் வெடித்துப் பயிர் எழ எழ வெளுத்துக்கொண்டே வரும்.

கண்மாய்க்கரையான்:
எங்கள் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயையே பயிர் நிலம் என்று பச்சை அடித்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை! வரத்துக்காலில் சீமைக்கருவேலம், அதுவும் பச்சைதான். சித்திரையில் எங்கள் ஊர் படத்தில் பச்சையாக இருந்தால் யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

வரைபடப்பித்தன்:
ஒரே தேதிப் படத்தைப் பார்த்து வண்ணம் அடித்தவர் தப்பு அது. நெல் சில மாதத்தில் பச்சையாகி, பழுத்து, தாளாகிவிடும். கருவேலம் அப்படியே நிற்கும். வரிசையாக வைத்துப் பார்த்தால் பிரிந்துவிடும்.

கடைமடைக்காரன்:
சரி, பிரியட்டும். தலைமடையில் ராத்திரி ஷட்டரை ஏற்றுகிறவன் உங்கள் படத்தில் விழுவானா? மேட்டூரை ஜூன் 12-லேயே திறந்தாலும் எங்கள் மடைக்கு வரும்போது அது தண்ணீரா, ஈரமா என்பதே சந்தேகம். பயிர் வாடியதை உங்கள் படம் சொல்வதற்குள் வயல் வெடிப்பில் என் கட்டைவிரல் இறங்கியிருக்கும். போன புரட்டாசியில் முறையிடப் போனேன். "கடைசி வரை பாய்ந்துவிட்டது" என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

கண்மாய்க்கரையான்:
அண்ணே, அங்கேதான் படம் உங்கள் பக்கம் பேசும். அந்த வாரம் வயலில் தண்ணீர் நின்றதா என்று பார்த்துவிடலாமே.

கடைமடைக்காரன்:
பழைய தேதிக்குப் படம் கிடைக்குமா?

வரைபடப்பித்தன்:
கிடைக்கும். தேதியும் வாய்க்காலும் சொல்லுங்கள். தலைமடை, கடைமடை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தருகிறேன்.

கடைமடைக்காரன்:
புரட்டாசி முதல் இரண்டு வாரம். சர்வே எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், ரேடார் படத்தையும் சேர்த்தே எடுங்கள். ஆனால் இதை வைத்து முறை போடுவதற்கு நான் இன்னும் தலையாட்டவில்லை.