புதுப்பிப்பு: முட்டுக்காடு முகத்துவாரம், கொடுவா மீனுக்கு எந்த இரை?

போன மாதம் கேட்டிருந்தேன்: முகத்துவாரத்தில் கரையிலிருந்து செத்த இறால் போட்டால் கெளுத்தி மட்டுமே கடிக்கிறது, கொடுவாவுக்கு என்ன போடலாம் என்று. உயிர் இறால், இல்லையென்றால் வெள்ளை ரப்பர் மீன் என்றீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டேன்.

உயிர் இறால்தான் முதலில் பலன் தந்தது. தலையில் கண்ணாடி மாதிரி தெரியும் ஓட்டுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். தூண்டில் முள் அதைத் தொட்டால் இறால் உடனே செத்துவிடும். அந்தப் புள்ளிக்கு முன்பக்கம், தலை நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புக்கு அடியில் மட்டும் குத்தினேன், வெகுநேரம் துடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரத்தில், ஓட்டத்தோடு அதை விட்டேன். உப்பங்கழியின் சின்ன மீன்களும் இறாலும் அப்போதுதான் வெளியே வரும், கொடுவா வாசலில் காத்திருக்கும். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்று ஏறியது. அந்த இழுவை இன்னும் கையில் இருக்கிறது!

ரப்பர் மீனை முதலில் வேகமாகச் சுற்றி வீணடித்தேன். கலங்கல் தண்ணீரில் தரையை ஒட்டி மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இழுத்தபோதுதான் கடி வந்தது. தெளிந்த காலையில் சின்ன வெள்ளி ஸ்பூனை (மீன் மாதிரி மின்னும் தகட்டுப் போலி இரை) வேகமாக இழுத்ததற்குப் பாரைக் குட்டிகள் வந்தன.

அப்புறம், செத்த இறாலை ஒதுக்க வேண்டாம். தோலுரித்து, விரல்நகம் அளவு வெட்டி, தையல் நூலால் சுற்றிச் சின்ன முள்ளில் போடுங்கள், வீசும்போது கழன்று போகாது. மணல் பக்கம் கிழங்கான் மீன் அதற்குத்தான் வருகிறது.