பஞ்சமி நிலம்: கொடுத்த நிலம் ஏன் கைமாறியது, பழைய பதிவேட்டில் எப்படித் தேடுவது?

கேள்வி: வயலோரம்

மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் நான்கு கிராமங்களின் நில விவரங்களைத் தொகுக்கிறோம். பஞ்சமி நிலம் என்றால், வேறு வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு (அன்றைய பெயரில் பஞ்சமர்) ஆங்கிலேயர் காலத்திலிருந்து அரசு கொடுத்த நிலம். பெரியவர்கள் "இதெல்லாம் பஞ்சமி நிலம்" என்று கை காட்டுகிற புஞ்சைகள் இன்றைய அ-பதிவேட்டில் (சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேடு) சாதாரண ரயத்துவாரி பட்டாவாக வேறு சமூகத்தார் பெயரில் இருக்கின்றன. குறிப்புக் கலம் காலி. 1892இல் கொடுத்த நிலங்களின் பட்டியல் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் மனு போட்டதற்கு "அப்படி ஆவணம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. நிபந்தனை எந்தக் கட்டத்தில் காணாமல் போனது? அதை எந்தப் பதிவேட்டில் பிடிக்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். நிலம் கிடைத்த குடும்பமும் கிடைக்காத குடும்பமும் இரண்டு தலைமுறைக்குள் ஒரே கூலி வேலைக்கு வந்து நிற்பது ஏன்?

பதில் 1: பழங்கணக்கு

"1892 பட்டியல்" என்று கேட்டால் இந்தப் பதில்தான் வரும், ஏனென்றால் அப்படி ஒரே பட்டியல் கிடையாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் மேல் 30.9.1892 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. அது ஒரு தொடக்கம். நிலம் கைக்கு வந்தது பல பத்தாண்டுகளில், கிராமம் கிராமமாக, சர்வே எண் வாரியாக. 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்பட்டு ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நிலம், வீட்டுமனைப் பொறுப்பு அவரிடம் போன பிறகும் ஒப்படைகள் (அரசு நிலம் ஒதுக்கித் தருவது) தொடர்ந்தன, சுதந்திரத்துக்குப் பிறகும் நடந்தன. 12 லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் சொல்லப்படுவதை ஒரே ஆணையில் பிரித்துக் கொடுத்த கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்கு முன் இருந்த ஏற்பாட்டைப் பார்த்தால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு வழி தெரியும். செங்கல்பட்டில் மிராசு முறை, அதாவது ஊர் நிலத்தில் சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை. பயிரிடும் நிலத்தோடு தரிசின் மீதும், சேரி நின்ற மனையின் மீதும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். தரிசு நிலம் வேண்டிச் சேரிக்காரர் தர்க்காஸ்து மனு கொடுத்தால் ஊரில் அறிவிப்பு வரும், ஏற்கெனவே பட்டா உள்ளவருக்கு முன்னுரிமை. அவர் "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் மனு முடிந்தது. அதோடு நிற்காது. மனு போட்டவர் குடியிருக்கும் மனையே அந்த மிராசுதாரின் பிடியில் இருக்கும்போது, நிலம் கேட்பது குடியிருப்பைப் பணயம் வைப்பதாகும். பண்ணையாளாக ஒருவரைக் கட்டிப்போட இந்த மனை ஒன்றே போதுமாக இருந்தது.

பதில் 2: சர்வேகல்

பதிவேட்டுக் கேள்விக்கு வருகிறேன். நிபந்தனை பெரும்பாலும் தொலைந்த இடம் யு.டி.ஆர்., அதாவது 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். அதன் நடுவிலேயே, 1980 நவம்பரில், கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரைப் பதவி போனது நியாயம்தான். ஆனால் எந்தச் சர்வே எண்ணில் என்ன நிபந்தனை என்று தெரிந்த ஆட்கள் போனார்கள், கணக்குக் கட்டுகள் கைமாறின, அதே சமயத்தில் அனுபவத்தில் இருந்தவர் பெயரில் புதுப் பதிவேடு எழுதப்பட்டது. பழைய அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் "டி.சி. கண்டிஷன்" (ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிபந்தனை), "பஞ்சமர்" என்று இருந்தது புதியதில் ஏறவில்லை.

தேடும் வரிசை இது. முதலில் இன்றைய சர்வே எண்ணுக்குப் பழைய எண் எது என்று ஒப்பீட்டுப் பட்டியலில் பாருங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் அடுத்த ஊர்க்காரர் நிலத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிறகு யு.டி.ஆர்.க்கு முந்தைய அ-பதிவேடு, அதற்கும் முந்தைய செட்டில்மெண்ட், ரீசெட்டில்மெண்ட் பதிவேடுகள் (நில வரியை நிர்ணயித்தபோதும் திருத்தியபோதும் எழுதியவை). தாலுகாவில் கட்டு கிழிந்துவிட்டது என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிராமத்தின் பெயர், பழைய தாலுகா பெயர் இரண்டையும் கொடுத்து நகல் கேளுங்கள். மதுராந்தகத்தில் இன்று இருக்கும் கிராமம் அன்றைக்கும் அதே தாலுகாவில் இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

தகவல் உரிமை மனுவில் "பஞ்சமி நில விவரம் தருக" என்று எழுதாதீர்கள். "இன்ன கிராமம், பழைய சர்வே எண் இன்னது, யு.டி.ஆர்.க்கு முந்தைய அ-பதிவேட்டின் அந்தப் பக்கம் குறிப்புக் கலத்துடன், ஒப்படைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்குரிய பதிவு, ஒப்பீட்டுப் பட்டியலின் பக்கம்" என்று தனித்தனியாகக் கேளுங்கள். நேரில் பதிவேட்டைப் பார்வையிடவும் சேர்த்துக் கேட்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இன்னொரு ஓட்டை உட்பிரிவு. தாய் எண்ணில் குறிப்பு இருக்கும்; விற்று, பிரித்து, 3ஏ, 3பி என்று ஆனதும் புதிய வரிகளில் குறிப்பு வராது. ஆகவே வில்லங்கச் சான்றை உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் எடுத்தால் சுத்தமாகத் தெரியும். தாய் எண்ணுக்கும் எடுங்கள், கணினியில் கிடைக்கும் ஆண்டுகளோடு நிற்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய பழைய அட்டவணையையும் தேடச் சொல்லுங்கள். முதல் கைமாற்றம் எந்த ஆண்டு, எந்த வகைப் பத்திரம் என்பதுதான் பிற்பாடு வழக்கில் கேட்கப்படும்.

பதில் 3: கவலைஏற்றம்

நிலம் இருந்தும் ஏன் முன்னேறவில்லை என்பது பற்றி. கொடுத்தது எது என்று பாருங்கள். ஏரிப் பாசனத்துக்குள் வரும் நஞ்சை எல்லாம் முன்பே பட்டா ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது மேட்டுத் தரிசு. அதைத் திருத்த மாடு, ஏர், கிணறு வேண்டும். கிணறு இல்லாத புஞ்சையில் மழை வந்தால் ஒரு போகம் கேழ்வரகோ வேர்க்கடலையோ, வராவிட்டால் அதுவும் இல்லை. அந்த வருமானத்தில் பண்ணை வேலையை விட முடியாது. நடவுக்கும் அறுப்புக்கும் ஊர்க்காரர் கூப்பிடும் அதே வாரத்தில்தான் சொந்தப் புஞ்சையிலும் வேலை இருக்கும், இரண்டில் கூலிதான் ஜெயிக்கும்.

கடன் அடுத்தது. முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் மாற்றக் கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்குள் மட்டும். இந்த நிலத்தை அடமானமாக எடுத்தால் வங்கியோ சங்கமோ வெளியே ஏலம் விட முடியாது, அதனால் பெரும்பாலும் எடுக்கவே மாட்டார்கள். பக்கத்து நிலக்காரர் கொடுப்பார். பெண் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ கைமாற்று, ஈடாக நிலம் "போக்கியம்". பத்திரம் இல்லை, பதிவு இல்லை. இருபது வருடம் கழித்து யு.டி.ஆர். ஆள் வந்து "யார் உழுகிறார்?" என்று கேட்டபோது பதில் யார் பெயராக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்காக நிபந்தனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. நிபந்தனை இல்லாமல் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும். நிலத்தோடு கிணற்றுக்கும் மாட்டுக்கும் அரசே கடன் தந்திருக்க வேண்டும். அது போதிய அளவில் நடக்கவில்லை.

குடியிருப்பிலும் இதன் தடம் தெரியும். சேரிக்கு மனை கொடுக்க 1978இல் தனிச் சட்டமே (31/1978) வந்தது. எடுத்த நிலம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. 3 சென்ட் மனைகளாகக் காலனி எழுந்தது, மிராசுதாரின் மனைப்பிடி விட்டது, பெரிய விடுதலை அது. ஆனால் ஊர், காலனி என்ற தூரம் அரசு வரைபடத்திலேயே ஏறிவிட்டது.

பதில் 4: வழக்குக்கட்டு

சட்டப் பக்கம் சுருக்கமாக. சொத்து மாற்றச் சட்டம் 10ஆம் பிரிவின்படி விற்கவே கூடாது என்ற நிபந்தனை செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஒப்படை நடந்த காலத்தில் இருந்த 1895ஆம் ஆண்டு அரசு மானியச் சட்டத்தின்படி அரசு வழங்கிய நிலத்துக்கு அது பொருந்தாது, நிபந்தனை எழுதியபடியே செல்லும். அதனால்தான் ஒப்படை உத்தரவோ பதிவேட்டுக் குறிப்போ கையில் இருப்பது உயிர்நாடி. அதை விட்டுவிட்டு வாய்மொழிச் சாட்சியை மட்டும் நம்பிப் போனால் நிற்காது.

பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலம் கைமாறுவதைத் தடுக்கக் கர்நாடகம் 1978இல் தனிச் சட்டம் போட்டது. அது செல்லும் என்று 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாமதமாக வந்தார்கள் என்று மனுக்கள் தள்ளுபடியாகத் தொடங்கியதும் 2023இல் திருத்தம் செய்து காலவரையறை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆந்திரத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்படை நிலங்களுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் இன்னும் வருவாய் நிலை ஆணை 15ஐ (நில ஒப்படைக்கான வருவாய்த்துறை விதி) வைத்துத்தான் வாதாடுகிறோம். 1994இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் உயிர் போன பிறகும் தனிச் சட்டம் வரவில்லை என்பது பொறுக்க முடியாத விஷயம்.

மனுவில் அடிக்கடி தவறும் இரண்டு இடங்கள். நிலத்தை இப்போது வைத்திருப்பவர் எல்லாருக்கும் நோட்டீஸ் போகாமல் பட்டா ரத்து உத்தரவு வந்தால் உயர் நீதிமன்றத்தில் அது விழும்; ஆகவே வில்லங்கத்தில் வரும் ஒவ்வொரு பெயரையும் மனுவில் சேருங்கள். இரண்டாவது, ரத்து மட்டும் கேட்டால் நிலம் "அரசு தரிசு" ஆகி அங்கேயே நின்றுவிடும். ரத்தும், அசல் ஒப்படைதாரரின் வாரிசுக்கோ அதே கிராமத்தின் நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பத்துக்கோ மறு ஒப்படையும் ஒரே மனுவில் கேளுங்கள்.

வயலோரம்

மிக்க நன்றி. ஒரு கிராமத்தில் பழைய பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் இப்போது மனைப்பிரிவு போட்டு விற்பனை நடக்கிறது. முதலில் எங்கே போவது?

பதில் 5: சர்வேகல்

பழைய பதிவேட்டு நகலையும் ஒப்பீட்டுப் பக்கத்தையும் வைத்து ஒரே நாளில் மூன்று இடத்துக்கு மனு கொடுங்கள்: கோட்டாட்சியர், சார்பதிவாளர், மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகம். வருவாய்த்துறையிலிருந்து சர்வே எண் எழுத்தாகப் போகாதவரை சார்பதிவாளர் பத்திரத்தைத் தடுக்க மாட்டார், அதனால் கோட்டாட்சியருக்குக் கொடுக்கும் மனுவில் "பதிவுத் துறைக்குத் தெரிவிக்க" என்ற வரியை விடாமல் எழுதுங்கள். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனை வாங்க வருகிறவர்களுக்கும் நகலைக் காட்டலாம், அவர்களில் பலர் கடன் வாங்கித்தான் முன்பணம் கட்டுகிறார்கள்.