பதில்: 'பாதைச் சரிபார்ப்பு' போதுமா?

வணக்கம். ஒரு முகவர் (நமக்காகத் தானே கருவிகளை இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்) ஒரு கோப்பின் பாதையை, அதாவது முகவரியைத் தந்தால், அந்தக் கோப்பு அனுமதித்த கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு நம் வழிகாட்டியில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்பதுதான் கேள்வி.

> பாதைச் சரிபார்ப்பு என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அக்கா, ஆனால் பிழையாக விளங்கிவிடும் என்றுதான் யோசிக்கிறேன். 'பாதையைச் சரிபார்' என்று வாசிக்கும் பிள்ளை, கருவியிடம் வந்த எழுத்துச் சரத்தைத்தான் பார்க்கும். அதில் ../ ('ஒரு கோப்புறை மேலே போ' என்ற குறி) இருக்கிறதா, அனுமதித்த கோப்புறையின் பெயரில் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும். ஓட்டை விழுவதே அங்கேதான்.

ஒரு செயற்கை நுண்ணறிவு முகவருக்கு /தரவு/கொழும்பு என்ற கோப்புறையை மட்டும் திறந்துவிட்டிருக்கிறோம் என்று வையுங்கள். அது /தரவு/கொழும்புத்துறை/சம்பளம் என்ற கோப்பைக் கேட்கிறது. முன்னொட்டை, அதாவது பாதையின் தொடக்க எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் நிரல், 'கொழும்பு' என்ற எழுத்துகளைக் கண்டவுடன் விட்டுவிடும். கொழும்புத்துறை யாழ்ப்பாணத்தில் இருப்பது நமக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாதே.

இது கற்பனைப் பிழை அல்ல. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஆந்த்ரொப்பிக் வெளியிட்டிருந்த எம்சிபி (முகவர்களைக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) கோப்பு முறைமைச் சேவையகத்தில் 2025 இல் இதே முன்னொட்டுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2025-53110. கூடவே 53109: அனுமதித்த கோப்புறைக்குள் கிடக்கும் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிக் கோப்பு) வெளியே உள்ள கோப்பைச் சுட்டினால், அதன் வழியாக வெளியேறிவிடலாம். இரண்டும் 2025.7.1 பதிப்பில் திருத்தப்பட்டன. இரண்டாவதில் பாதை எழுத்துக்கு எழுத்து சுத்தமானது. எவ்வளவு சரிபார்த்தாலும் அதில் குற்றம் கிடைக்காது. அது போய்ச் சேரும் இடம்தான் பிழை.

ஆகவே என் முன்மொழிவு: சேரிடச் சோதனை.

> சேரிடம் பழைய சொல்லாக இருக்கிறதே?

பழையதுதான் தம்பி, ஆனால் அரிவரி வகுப்பிலேயே நாவில் பழகிய சொல். விளக்கம் எழுதத் தேவையில்லை.

துணைச்சொல் ஒன்றும் வேண்டும். புள்ளிகளையும் சிம்லிங்குகளையும் அவிழ்த்த பிறகு மிஞ்சும் முழுப் பாதையை 'மெய்ப்பாதை' எனலாம். கேட்ட கோப்பின் மெய்ப்பாதை, அனுமதித்த கோப்புறையின் மெய்ப்பாதைக்குள் அடங்குகிறதா என்று, எழுத்தாக அல்லாமல் பகுதி பகுதியாக ஒப்பிடுவதே சேரிடச் சோதனை. பைத்தன் நிரல்மொழியின் 3.9 பதிப்பில் வந்த 'இஸ் ரிலேட்டிவ் டு' என்ற கட்டளை பகுதிகளைத்தான் ஒப்பிடுகிறது, ஆனால் வட்டில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. முதலில் மெய்ப்பாதை எடுக்காவிட்டால் சிம்லிங்க் தப்பிவிடும்.

தமிழ்க் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: உயிர்க்குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டாக. திரையில் ஒரே கொழும்பு, பைட்டுகள் வேறு. அனுமதிப் பட்டியலில் இது வீண் மறுப்போடு போய்விடும். தடைப் பட்டியல் வைத்திருந்தால்தான் ஆபத்து, தடுக்க நினைத்த பெயர் வேறு வேடத்தில் உள்ளே வரும்.

இப்படி அனுமதித்த கோப்புறைக்கு வெளியே போகும் தாக்குதலின் பெயரான 'பாத் டிராவர்சல்' என்பதற்கு ஒருவர் 'எல்லை தாண்டல்' என்று எழுதியிருந்தார். அதைக் கேட்டால் இங்கே பாக்கு நீரிணை மீன்பிடிப் பிரச்சினைதான் நினைவுக்கு வரும். 'கோப்புறை தாண்டல்' போதும். அதே பொருளுள்ள அடைவு என்ற சொல்லை விட்டுக் கோப்புறையை எடுத்தது வழிகாட்டியின் மற்றப் பக்கங்களோடு பொருந்தத்தான்.

முகவர்க் கருவிகள் பற்றிய பகுதியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பாதையைத் தருவது மொழி மாதிரி, அதாவது முகவரின் மூளையாக இருக்கும் செயற்கை நுண்ணறிவு. அது சற்றுமுன் வாசித்த பிடிஎஃப் ஒன்றில் "இந்தக் கோப்பையும் திற" என்று யாராவது ஒளித்து எழுதியிருக்கலாம். அதனால் பயனர் நல்லவர் என்பது இங்கே எதற்கும் உத்தரவாதம் இல்லை. மாதிரிக்குப் புத்திமதி எழுதி வைப்பதும் காவல் ஆகாது. சோதனை கருவிக்குள்ளேயே நடக்க வேண்டும்.

சரி, எனக்கே தீராத இடம் ஒன்று. சோதித்து முடித்துக் கோப்பைத் திறப்பதற்கிடையில் ஒருவர் சிம்லிங்கை மாற்றிவிட முடியும். லினக்ஸ் 5.6 இல் வந்த, கோப்பைத் திறக்கும் 'ஓபன்அட்2' அழைப்பில் 'ரிசால்வ் பினீத்' என்ற தெரிவைக் கொடுத்தால், பாதையை அவிழ்க்கும்போதே கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கவனித்து, கோப்புறைக்கு வெளியே போனால் மறுத்துவிடும். அங்கே தனியாகச் சோதனை என்று ஒன்றும் இல்லை, ஆகவே என் சொல் பொருந்தாது. 'சேரிடக் கட்டுப்பாடு' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாகவும் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரியும் இருக்கிறது. யாரிடமாவது குறுகிய சொல் இருந்தால் எழுதுங்கள்.