சீட் கவர் மாற்றியதிலிருந்து ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, உதவி வேண்டும்

வெட்டூர்ணிமடம் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2018 மாடல் ஹேட்ச்பேக், டாப் மாடல், 6 ஏர்பேக். செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. உள்ளே ஒரு வாடை விடாமல் அடித்துக்கொண்டிருந்ததால், பழைய சீட் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன சனிக்கிழமை ஒரு கடையில் புதிதாக மாட்டினேன். புதன்கிழமை காலையில் சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் ஓர் ஆள் மடியில் பெரிய பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு சிவப்புப் படம் வருமே, அது அணையவே இல்லை. வழக்கமாக ஐந்தாறு வினாடியில் போய்விடும்.

கடைக்காரரிடம் கேட்டால், “நாங்க சீட்டைக் கழற்றவே இல்ல சார்” என்கிறார். தெரிந்த ஓர் எலக்ட்ரிஷியன், “ஒரு ரெசிஸ்டரைப் போட்டா அணைஞ்சிரும், 300 ரூபா குடுங்க” என்றார். நண்பனின் புளூடூத் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம், ஒரு கோடும் (பழுதைச் சொல்கிற எண், code) காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி துபாயிலிருந்து வருகிறான். திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை போய்வர வேண்டும். அம்மா, மனைவி, நாலு வயது மகள் எல்லோரும் வருகிறார்கள். இந்த விளக்கோடு ஓட்டலாமா?

ஆரல்வாய்மொழிக் காற்றாடி:

ஸ்டியரிங்குக்குக் கீழே சுருள் சுருளாக ஒரு கேபிள் இருக்கும், கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். அது அறுந்திருக்கும். என் வண்டியிலும் இதே கதைதான், ஏழாயிரம் போச்சு. ஹாரன் அடிக்கிறதா பாருங்கள்.

வெட்டூர்ணிமடம் வாசி:

ஹாரன் ஊரைக் கூட்டுகிறது. ஸ்டியரிங்கில் இருக்கிற பாட்டுப் பட்டன்களும் வேலை செய்கின்றன.

தக்கலை ஒயரிங்:

அப்படியானால் கிளாக் ஸ்பிரிங்காக இருக்க வாய்ப்பு குறைவு. ஹாரன், ஆடியோ பட்டன், டிரைவர் ஏர்பேக் மூன்றின் ஒயரும் அந்தச் சுருள் வழியாகத்தான் போகும். அது போனால் பெரும்பாலும் ஹாரனும் சேர்ந்து மக்கர் பண்ணும். ஏழாயிரம் ரூபாய்ச் செலவை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

முதலில் அந்த ரெசிஸ்டர் விஷயம். தயவுசெய்து வேண்டாம். ஏர்பேக்கை வெடிக்க வைக்கிற சின்னத் திரிக்கு ஏறத்தாழ 2 ஓம் தடை இருக்கும். அதே அளவு ரெசிஸ்டரை அந்த இடத்தில் செருகினால், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் ஏர்பேக் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி விளக்கை அணைத்துவிடும். மோதும்போது மின்சாரம் ரெசிஸ்டருக்குப் போகும், பை திறக்காது. இதைப் போட்டு விற்கப்பட்ட பழைய வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது.

புளூடூத் ஸ்கேனர் ஒன்றும் காட்டாததில் ஆச்சரியம் இல்லை. மலிவானவை பெரும்பாலும் எஞ்சின் கோடு மட்டுமே படிக்கும். ஏர்பேக் பெட்டியோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

என் சந்தேகம் முன் சீட்டுக்கு அடியில். மஞ்சள் நிறத்தில் கனெக்டர் இருக்கும். ஏர்பேக், மோதும்போது பெல்ட்டை இறுக்குகிற ப்ரீடென்ஷனர் சம்பந்தப்பட்ட ஒயரைக் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் மஞ்சளாகத்தான் விடுவான், “இதைத் தொடாதே” என்று சொல்வதற்காக. சீட்டைக் கழற்றாவிட்டாலும் கவரை இழுத்துக் கட்டும்போது கை பட்டு அசைந்திருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மாட்டியது, புதன்கிழமைதான் விளக்கு வந்தது. அது எனக்கு இடிக்கிறது.

இன்னொன்று. வாடை என்று எழுதினீர்களே, என்ன வாடை?

பழைய டிரைவர்:

நான் 35 வருஷம் வண்டி ஓட்டினவன். பாதி நாள் அம்பாசடர். பெல்ட்டும் கிடையாது, பையும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஒண்ணும் ஆகலை. பைய ஓட்டிட்டுப் போ மக்கா. களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா மட்டும் பெல்ட்டை மாட்டிக்கோ, அந்தப் பக்கம் 2023 ஜூன்லேருந்து ஏ.ஐ. கேமரா படம் பிடிச்சு அனுப்புறான்.

நெய்யூர் சிஸ்டர்:

பெரியவரே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். ஆனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள்.

வெட்டூர்ணிமடம் அண்ணா, எனக்கு விளக்கைவிட வேறு ஒரு கேள்வி. நாலு வயது மகள் எங்கே உட்காருவாள்?

வெட்டூர்ணிமடம் வாசி:

முன் சீட்டில் மனைவியின் மடியில். அம்மா பின்னால். அம்மா பெல்ட் போட மாட்டார், கழுத்தை அறுக்கிறது என்பார். உண்மையைச் சொன்னால், புது கவர் மாட்டியபின் பின் சீட்டு பெல்ட் லாக் எங்கே போனது என்றே தெரியவில்லை, உள்ளே அமுங்கிவிட்டது.

வாடை என்ன என்று கேட்டீர்கள். மீன் வாடை. ஒரு மாதம் முன்பு குளச்சலில் மீன் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். பெட்டியில் ஓட்டை.

தக்கலை ஒயரிங்:

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீர் மிதியடிக்கு அடியில் ஓடி, கார்ப்பெட் ஸ்பாஞ்சில் ஊறி, சீட்டுக்கு அடியில் போயிருக்கும். உப்புத் தண்ணீர் கனெக்டருக்குள் இருக்கிற பித்தளை முள்ளில் பட்டால் உடனே ஒன்றும் ஆகாது, மெதுவாகப் பச்சை பூக்கும். அதனால்தான் இத்தனை நாள் கழித்து விளக்கு. சீட் கவர்காரரை நீங்கள் திட்டியிருந்தால் ஒரு போன் போட்டுச் சமாதானம் ஆகிவிடுங்கள்.

டார்ச் அடித்துப் பாருங்கள், கை வைக்காதீர்கள். கை வைத்தே ஆக வேண்டும் என்றால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸ் டெர்மினலை 10 நம்பர் ஸ்பானரால் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில கம்பெனி 90 வினாடி என்கிறான், சிலர் 3 நிமிடம். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் திறக்க வேண்டுமே, அதற்காக உள்ளே கெபாசிட்டரில் கொஞ்சம் கரண்ட் சேர்த்து வைத்திருப்பான். அது வடிய வேண்டும். மல்டிமீட்டரை அந்த முள்ளில் வைக்கவே கூடாது, மீட்டர் விடுகிற கரண்டிலேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. கனெக்டர் கழன்று கிடக்கும்போது சாவியையும் போடாதீர்கள், புதிதாக ஒரு கோடு ஏறிக்கொள்ளும்.

நெய்யூர் சிஸ்டர்:

மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தை 15 கிலோ. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், அந்தக் கணத்தில் கையில் ஏறுகிற பாரம் ஏறத்தாழ 300 கிலோ. ஆறு மூட்டை சிமெண்ட். எந்த அம்மாவாலும் பிடிக்க முடியாது. அதற்கு மேல் முன்னால் ஏர்பேக் வேறு. அது கண் இமைப்பதற்குள், ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில், குழந்தையின் முகத்துக்கு நேராகத் திறக்கும். குழந்தை பின் சீட்டில், சைல்டு சீட்டில். வேறு பேச்சே இல்லை. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டத்திலேயே 194பி பிரிவில் இருக்கிறது. பெரியவர்களுக்கும் அதே தொகைதான். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்.

அம்மாவுக்குக் கழுத்தை அறுப்பது உட்காருகிற விதத்தால். முதுகை நன்றாகச் சாய்த்து, கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் இருக்க வேண்டும். மேல் பட்டை தோள் எலும்பின் நடுவில். சேலை மடிப்பில் சிக்கி முறுக்கிக்கொள்ளும், அதை நேராக்கிவிடுங்கள். வயிற்றின் மேல் பட்டை போட்டு வந்தவர்களுக்குக் குடல் கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். வெளியே சிவப்பாக ஒரு கோடு மட்டும்தான் தெரியும்.

ஆரல்வாய்மொழிக் காற்றாடி:

பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் திறக்காதாமே?

தக்கலை ஒயரிங்:

வண்டிக்கு வண்டி மாறும். நிறைய வண்டிகளில் பெல்ட் இல்லாவிட்டாலும் திறக்கும். பெல்ட் இல்லாத உடம்பு முன்னால் பாய்ந்து, பை விரிந்துகொண்டே வருகிறபோது அதன் மேல் போய் விழும். அதனால்தான் டிரைவர் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது விடச் சொல்கிறார்கள். பெல்ட் ஆளைப் பிடித்து வைத்தால்தான் பை தன் வேலையைச் செய்யும்.

வெட்டூர்ணிமடம் சார், நீங்கள் போட்ட உள்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் பயணி சீட்டு லாக்கில் ஏதோ ஒரு கறுப்பு வில்லை செருகி இருக்கிறதே?

வெட்டூர்ணிமடம் வாசி:

அது வண்டி வாங்கும்போதே இருந்தது. அதுவும் லாக்கின் ஒரு பாகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தக்கலை ஒயரிங்:

பெல்ட் போடாவிட்டால் வருகிற டிங் டிங் சத்தத்தை நிறுத்துகிற டம்மி கிளிப். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, ஆயிரக்கணக்கான பக்கங்களை நீக்க வைத்தது. ஆள் பெல்ட் போட்டிருக்கிறார் என்று வண்டியை ஏமாற்றுகிற சாமான். எடுத்துக் குப்பையில் போடுங்கள். உங்கள் மனைவி இதுவரை பெல்ட் போட்டிருக்க மாட்டார்கள் என்றும் இதிலிருந்து தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சீட்டின் கதவுப் பக்கத் தையலில் ஏர்பேக் என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும். புது கவர் அதை மூடியிருக்கிறதா? பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். கெட்டி ரெக்சின் மேலே இருந்தால் நேரத்துக்கு வராது, இல்லை கோணலாக வரும்.

வெட்டூர்ணிமடம் வாசி:

மூடித்தான் இருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் கவர்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர், ஓரத்தில் பச்சைப் பொடி. விரலை வைக்கவில்லை, மூக்கை மட்டும் வைத்தேன். மீனேதான். கார்ப்பெட்டை அமுக்கினால் இன்னும் ஈரம்.

பழைய டிரைவர்:

ஒண்ணு சொல்லட்டுமா. அம்பாசடர்ல ஒரு தடவை பார்வதிபுரம் பக்கம் பசுமாடு குறுக்க வந்து பிரேக் அடிச்சேன். பின்னால இருந்த என் வீட்டுக்காரிக்கு முன் சீட்டு கம்பில இடிச்சு ரெண்டு பல்லு போச்சு. வேகம் முப்பதுதான் இருக்கும். ஒண்ணும் ஆகலைன்னு மேலே எழுதினதை அவ வாசிச்சுட்டா. இப்ப திருத்திச் சொல்லச் சொல்றா.

வெட்டூர்ணிமடம் வாசி:

வியாழக்கிழமை அப்டேட். ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தார்கள். “இடது பக்கவாட்டு ஏர்பேக், சர்க்யூட் ரெசிஸ்டன்ஸ் அதிகம்” என்று வந்தது. முள்ளைச் சுத்தம் செய்து பார்த்துச் சரிவராமல் கனெக்டரை மாற்றி, கோடு அழித்து, 1,850 ரூபாய். சாவியைத் திருப்பியதும் விளக்கு வந்தது, ஐந்து எண்ணுவதற்குள் போனது. மூன்று தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டேன், அங்கிருந்த பையன் சிரித்தான்.

ஓட்டலாமா என்று முதலில் கேட்டதற்கும் அங்கே பதில் கிடைத்தது. விளக்கு எரிந்தாலும் பெல்ட் பிடிக்கும், ஆனால் மோதும் நேரத்தில் அதை இறுக்குகிற ப்ரீடென்ஷனரும் பைகளும் வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாதாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, ஏர்பேக் ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) எதுவும் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன், இல்லை.

கார்ப்பெட்டைத் தூக்கி மொட்டைமாடியில் காய வைத்திருக்கிறேன். முன் சீட்டுக் கவர்களைக் கழற்றிவிட்டேன். கடைக்காரர் திட்டு வாங்கியும் கோபிக்காமல், பின் சீட்டு லாக்குகளை வெளியே எடுத்துவிட்டு, பக்கம் திறந்த கவர் வரவழைத்துத் தருகிறேன் என்றார். சைல்டு சீட் வாங்கியாயிற்று, அதற்குள் மகள் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். நாளைக்குத் திரும்பி வரும்போது தம்பி முன்னால், மற்ற மூவரும் பின்னால். அம்மா இன்று வடசேரி வரை பெல்ட் போட்டு வந்தார். பட்டையை இடுப்புக்கு இறக்கியபின் கழுத்தைப் பற்றிப் பேச்சில்லை, கண்டாங்கி கசங்குகிறது என்பதுதான் இப்போது புகார்.

ஆரல்வாய்மொழிக் காற்றாடி:

அதெல்லாம் சரி. என்ன மீன்?

வெட்டூர்ணிமடம் வாசி:

நெய்மீன். ஒன்றரைக் கிலோ.

ஆரல்வாய்மொழிக் காற்றாடி:

கனெக்டரையும் கவரையும் சேர்த்தால் கிலோ ஐயாயிரத்துக்கு மேல் வருகிறதே ஓய். கறியாவது நன்றாக இருந்ததா?

வெட்டூர்ணிமடம் வாசி:

உப்பு கொஞ்சம் தூக்கல்.