ஆனை வயல் வரம்பில் நின்று நடுங்குகிறது, அவசர உதவி

நெடுங்கேணிப் பெடியன்: எங்கள் கணினி விளையாட்டில் ஆனை காட்டுக்குள் இருந்து நன்றாகத்தான் வருகிறது. வரம்புக்கு வந்ததும் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே, நின்ற இடத்திலேயே நடுக்கம். சனிக்கிழமை காட்ட வேண்டும். என்ன பிழை?

குளக்கட்டு: எந்த எஞ்சின்? ஆனை எதை வைத்து முடிவெடுக்கிறது? கோட் எங்கே?

முறிகண்டிக் கச்சான்: வழி தேடும் வரைபடத்தில் ஓட்டை. எனக்கும் இப்படி ஒரு மாடு படலையில் மாட்டியது.

நெடுங்கேணிப் பெடியன்: கொடோ. பசி, தாகம், பயம் என்று மூன்று இலக்கு. எதற்குப் புள்ளி கூடவோ அதற்கு பிளானர், அதாவது செயல்களை அடுக்கித் திட்டம் போடும் பகுதி, வழி போடும்.

பழைய கோட்காரன்: இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. 2005இல் வந்த ஃபியர் விளையாட்டில் நிரலாளர் ஜெஃப் ஓர்கின் செய்தது இதுதான். அதன் வேர் 1971இன் ஸ்ட்ரிப்ஸ் என்ற திட்டமிடும் நிரல். அடிப்படை வாசிக்காமல் யூடியூப் பார்த்துச் செய்தால் ஆனையும் ஆடும், ஆட்டுக்குட்டியும் ஆடும்.

பாலைப்பழம்: பிளானரைத் தூக்கி எறி. ஆனையைப் பயிற்றி விடு, தானே பழகும்.

குளக்கட்டு: பழகும். 2016இல் ஓப்பன்ஏஐ பயிற்றிய பந்தயப் படகு ஓட்டத்தை முடிக்காமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் புள்ளி பொறுக்கியது. சனிக்கிழமைக்குள் அந்த வேலை வேண்டாம். தம்பி, பயம் எப்படி ஏறுகிறது?

நெடுங்கேணிப் பெடியன்: காவல் கொட்டில் விளக்குக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு. ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கிடும்.

குளக்கட்டு: அதுதான் விஷயம். வரம்பில் பயம் பசியை முந்துகிறது. ஒரு அடி பின்னால் போனதும் பசி முந்துகிறது. வழியில் பிழை இல்லை, இலக்குத்தான் மாறிமாறி விழுகிறது. கையில் இருக்கும் இலக்குக்குக் கொஞ்சம் கூடுதல் புள்ளி கொடு. பயமும் சட்டென்று விழாமல் மெல்ல இறங்கட்டும்.

முத்தையன்கட்டு வயல்காரன்: விளக்குக்கு ஆனை பயமா? காலபோகத்தில் கொட்டிலில் படுத்தவன் சொல்கிறேன். முதல் நாள் ஆனை வெடிக்கு ஓடும். நாலாம் நாள் நின்று பார்க்கும்.

முறிகண்டிக் கச்சான்: எங்கள் பக்கம் ஓடத்தான் செய்கிறது.

முத்தையன்கட்டு வயல்காரன்: மின்வேலிக் கட்டையையே சரித்துவிட்டு வருகிற சாமானா ஓடும்?

பழைய கோட்காரன்: விஷயத்துக்கு வாருங்கள்.

குளக்கட்டு: இதுவும் விஷயம்தான் அண்ணை. வெடித்து ஒன்றும் நடக்காத ஒவ்வொரு தடவையும் பயத்தின் எடையைக் குறைத்தால், நாலாம் நாள் ஆனை தானே வரும்.

முறிகண்டிக் கச்சான்: ஓடும் என்றால் ஓடும்.

நெடுங்கேணிப் பெடியன்: 0.15 கூட்டினேன், நடுக்கம் நின்றது. நன்றி அண்ணைமார். இப்போது குளத்தில் இறங்கினால் ஏறுகிறதே இல்லை.

குளக்கட்டு: தாகம் தீர்ந்ததும் அந்த 0.15ஐத் திருப்பி எடுத்தாயா?

குளக்கட்டு: தம்பி?